ஒரு மாத்திரைக்குள் எத்தனை மருந்து?

தலைநகர் தில்லியில் அரசு பல் மருத்துவமனையில் வரிசையில் நின்று ஞானப்பல்லைப் பிடுங்கிக் கொண்டவரும், தெற்கு தில்லியின் குளிரூட்டப்பட்ட தனியார் மருத்துவமனையில் அதே சிகிச்சைக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவிட்டவரும் வீடு திரும்பும்போது ஒரு விஷயத்தில் சமமாகிறார்கள். இருவர் கையிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே வகையான மாத்திரை அட்டை. அதன் முன்பக்கத்தில் கவர்ச்சியான ஒரு வணிகப் பெயர். பின்பக்கத்தில், வெள்ளிக் காகிதத்தின் மினுமினுப்பில் கண்ணுக்குப் புலப்படாத சிறிய எழுத்தில், இரண்டு அல்லது மூன்று மருந்துகளின் பெயர்கள். அந்தப் பெயர்களைப் படிப்பவர்கள் மிகக் குறைவு. "பல் வலி மாத்திரை" என்ற அளவோடு நோயாளியின் அறிவு நின்றுவிடுகிறது. மருந்துக் கடைக்காரருக்கும் அதுவே போதுமானதாக இருக்கிறது.

வலியைத் தணிக்க ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது தவறு என்று யாரும் கருதிவிட வேண்டாம். கூட்டு மருந்துகளுக்கு எதிராகக் கடந்த பல ஆண்டுகளாக நடந்துவரும் விவாதங்களில் இந்த உண்மை மறைந்து போகிறது. பல் பிடுங்கிய வலிக்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதற்கு இருக்கும் அளவு வலுவான ஆதாரம் வேறு பல வலிகளுக்கு இல்லை. உலகெங்கும் வலி நிவாரணிகளைச் சோதித்துப் பார்க்கும் களமே ஞானப்பல் அறுவைச் சிகிச்சைதான். இளம் வயதினர், வேறு நோய் இல்லாதவர்கள், ஏறத்தாழ ஒரே மாதிரியான அறுவை, மரத்துப்போகும் ஊசியின் வீரியம் குறைந்த சில மணி நேரத்தில் தவறாமல் வந்து சேரும் வலி ஆகிய காரணங்களால் ஆய்வாளர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீடு, ஞானப்பல் அகற்றியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டது. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 7 பேருக்குத்தான் ஆறு மணி நேரத்தில் வலி பாதியளவாவது குறைந்தது. ஐபுப்ரோஃபென் 400 மில்லி கிராம் மட்டும் சாப்பிட்டவர்களில் 52 பேருக்குக் குறைந்தது. அதே 400 மில்லி கிராமுடன் பாராசிட்டமால் 1,000 மில்லி கிராமும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 73 பேருக்குக் குறைந்தது. இரண்டின் அளவையும் பாதியாக்கி 200, 500 என்று கொடுத்தபோதும் 69 பேருக்குப் பலன் கிடைத்தது. ஐபுப்ரோஃபென் புண்பட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் தூண்டும் வேதிப்பொருள் உருவாவதைத் தடுக்கிறது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் செயல்படுகிறது. இருவேறு வழிகளில் வேலை செய்யும் இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொன்றின் அளவையும் குறைத்துக் கொள்ளலாம் என்பதுதான் இதன் பொருள்.

இந்த அறிவின் அருமையை அமெரிக்கா பெரும் விலை கொடுத்துத்தான் உணர்ந்தது. ஞானப்பல் பிடுங்கிய பதின்ம வயதினருக்கு அபின் வகையைச் சேர்ந்த ஹைட்ரோகோடோன் கலந்த மாத்திரையைச் சர்வசாதாரணமாக எழுதிக் கொடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. அபின் வகை மருந்துகளின் அடிமைத்தனம் அந்நாட்டையே உலுக்கிய பிறகு விழிப்பு ஏற்பட்டது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கை கால் வலியுடன் வந்தவர்களுக்கு ஐபுப்ரோஃபென்-பாராசிட்டமால் ஜோடியைக் கொடுத்தாலும், அபின் வகை கலந்த மாத்திரைகளைக் கொடுத்தாலும் வலி குறைவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2017-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 2024-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், பல் பிடுங்கிய பிறகு முதலில் கொடுக்க வேண்டியது ஐபுப்ரோஃபென் போன்ற மருந்துகளே, தனியாகவோ பாராசிட்டமாலுடன் சேர்த்தோ கொடுக்கலாம் என்று வழிகாட்டியது.

இந்திய மருத்துவர்கள் அபின் வகையைப் பல் வலிக்கு எழுதுவது அரிது. டிராமடால் என்ற மருந்து 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டபின் அது மேலும் குறைந்தது. அந்த வகையில் இந்தியா அதிர்ஷ்டசாலி. ஆனால், இங்கே ஜோடி சேர்ப்பதை மருத்துவர் செய்யவில்லை, மருந்து நிறுவனம் செய்கிறது. எதனுடன் எதை, எந்த அளவில் சேர்ப்பது என்பதை நோயாளியின் வயதோ, உடல்நிலையோ, வலியின் கடுமையோ தீர்மானிப்பதில்லை. போட்டியாளரின் மாத்திரையில் இல்லாத ஒன்று தன் மாத்திரையில் இருக்க வேண்டும் என்ற வியாபாரக் கணக்கே தீர்மானிக்கிறது.

இந்தியக் கடைகளில் மிகப் பிரபலமான ஐபுப்ரோஃபென் கூட்டு மாத்திரையில் பாராசிட்டமாலின் அளவு 325 மில்லி கிராம்தான். கல்லீரல் பாதிப்பைக் குறைக்கும் நோக்கில், மருத்துவர் சீட்டில் விற்கப்படும் கூட்டு மருந்துகளில் பாராசிட்டமாலை இந்த அளவோடு நிறுத்துமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் கூறியது. இந்தியாவிலும் அதுவே நடைமுறையாயிற்று. பாதுகாப்பு நோக்கில் இதில் குறை காண முடியாது. ஆனால், ஆய்வில் பலன் தந்த அளவு வேறு, அட்டைக்குள் இருக்கும் அளவு வேறு. ஆய்வின் பெருமையைச் சொல்லி விற்கப்படும் மாத்திரை ஆய்வில் சோதிக்கப்பட்ட மாத்திரை அல்ல.

இதைவிட விசித்திரமானது, மூன்றாவதாகச் சேரும் சரக்கு. அசெக்ளோஃபெனாக், பாராசிட்டமால் ஆகியவற்றுடன் செரேஷியோபெப்டிடேஸ் என்ற நொதியைச் சேர்த்த மாத்திரை பல் மருத்துவர்களின் சீட்டுகளில் தவறாமல் இடம்பெறுகிறது. பட்டுப்புழுவின் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து கண்டெடுக்கப்பட்ட இந்த நொதி, வீக்கத்தை வடியச் செய்யும் என்று கூறப்படுகிறது. இதைப் பல ஆண்டுகள் விற்றுவந்த ஜப்பானின் டகேடா நிறுவனம், மாவு மாத்திரையுடன் ஒப்பிட்டுச் செய்த மறு ஆய்வில் பலன் நிரூபணமாகாததால், 2011-இல் தானாகவே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறந்த வீட்டில் கைவிடப்பட்ட மருந்துக்கு இந்தியாவில் மட்டும் ஏன் இந்த வாழ்வு?

பலனில்லாத மருந்தைச் சாப்பிட்டால் பணம்தானே வீண் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கூட்டு மாத்திரையின் உண்மையான ஆபத்து, உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமல் போவதில் இருக்கிறது. பல் பிடுங்கியவர் நாள் ஒன்றுக்கு மூன்று கூட்டு மாத்திரை சாப்பிட்டால் 975 மில்லி கிராம் பாராசிட்டமால் உள்ளே போகிறது. முகம் வீங்கி உடம்பு சுடுகிறதே என்று 650 மில்லி கிராம் காய்ச்சல் மாத்திரையை நான்கு வேளை எடுத்துக் கொண்டால் மேலும் 2,600. மூக்கடைப்புக்கு வீட்டில் இருக்கும் சளி மாத்திரையிலும் 500 மில்லி கிராம் இருக்கக்கூடும். மூன்று வேளைக்கு 1,500. மொத்தம் 5,000 மில்லி கிராமைத் தாண்டிவிடுகிறது. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச அளவு 4,000 மில்லி கிராம்தான். மது அருந்துபவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. மூன்று மாத்திரைகளின் வணிகப் பெயர்களும் வெவ்வேறாக இருப்பதால், ஒரே மருந்தை மூன்று முறை விழுங்குகிறோம் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் வகையறாவில் இது இன்னும் மோசம். இவற்றில் ஒன்றுடன் மற்றொன்றைச் சேர்ப்பதால் வலி கூடுதலாகக் குறையாது. வயிற்றுப் புண்ணும் ரத்தக் கசிவும் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடும். சிறுநீரக நோயாளிகளும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது. தில்லிவாசிகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. மழைக்காலம் முடியும் தறுவாயில் டெங்கு தலைதூக்கும். டெங்குவில் ஏற்கெனவே ரத்தத் தட்டணுக்கள் குறையும்போது இம்மருந்துகள் ரத்தக் கசிவுக்கு வழிவகுக்கும். இதனால்தான் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று தில்லி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 ஜூலையில் கடைக்காரர்களுக்கு உத்தரவிட்டது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்தைச் சீட்டு இல்லாமல் விற்காதே என்று தனியாக ஓர் உத்தரவு போட வேண்டியிருக்கிறது என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

இந்த நிலை எப்படி வந்தது? மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 1940-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாதுகாப்பில்லாத, பகுத்தறிவுக்கு ஒவ்வாத மருந்துகளைத் தடை செய்யும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கும் 26ஏ பிரிவு 1982-இல் சேர்க்கப்பட்டது. இரண்டு பழைய மருந்துகளை முதன்முதலாகச் சேர்த்தாலும் அது "புதிய மருந்து"தான், மத்திய அதிகாரியின் ஒப்புதல் தேவை என்று விதி கூறுகிறது. ஆனால், தொழிற்சாலைக்கு உற்பத்தி உரிமம் வழங்குவது மாநில அரசு. இந்த இடைவெளியில்தான் ஆயிரக்கணக்கான கூட்டு மருந்துகள் நுழைந்தன. தில்லி மறுத்தால் மாநிலத்துக்குப் போகலாம். ஒரு மாநிலம் தயங்கினால் இன்னொரு மாநிலம் இருக்கிறது. உரிமம் வழங்கும் மாநிலத்தின் எல்லைக்குள் அந்த மாத்திரை நின்றுவிடுவதில்லை, நாடு முழுவதும் போகிறது. மாநில உரிமைக்காகக் குரல் கொடுக்கும் கட்சிகள்கூட இந்த விஷயத்தில் பேச விரும்பாததற்குக் காரணம், இதில் உரிமையைவிட அலட்சியமே அதிகம் என்பதாக இருக்கலாம்.

சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2012 மே மாதம் தாக்கல் செய்த தனது 59-ஆவது அறிக்கையில், மத்திய ஒப்புதல் இல்லாமல் மாநிலங்கள் உரிமம் வழங்குவதையும், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் செயல்பாட்டையும் கடுமையாகச் சாடியது. 2015-இல் பன்னாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு இதற்குக் கணக்குக் காட்டியது. இந்தியச் சந்தையில் இருந்த வலி நிவாரணிக் கூட்டு மருந்து வகைகள் 124. அவற்றில் மத்திய அமைப்பின் ஒப்புதல் பெற்றவை 34 மட்டுமே. அதாவது நான்கில் ஏறத்தாழ மூன்று, ஒப்புதல் இல்லாதவை.

பேராசிரியர் சந்திரகாந்த் கோகடே தலைமையிலான குழு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டு மருந்துகளை ஆராய்ந்தது. அதன் பரிந்துரையின் பேரில் 2016 மார்ச் 10-ஆம் தேதி மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. அசெக்ளோஃபெனாக், பாராசிட்டமால், ரபிப்ரசோல் மூன்றும் சேர்ந்த மாத்திரையும், நிமசுலைடையும் டைக்ளோஃபெனாக்கையும் ஒன்றாகக் கலந்த மாத்திரையும் அந்தப் பட்டியலில் இருந்தன. மருந்து நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடின. சட்டப்படி அமைந்த மருந்து தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்தைக் கலந்து ஆலோசிக்கவில்லை என்று கூறி 2016 டிசம்பர் 1-ஆம் தேதி நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில், வாரியமே இவற்றை ஆராய்ந்து பரிந்துரைக்கட்டும் என்றது. 1988 செப்டம்பருக்கு முன்பிருந்தே விற்கப்படுவதாகச் சொல்லப்பட்ட 15 கூட்டு மருந்துகளுக்கு விலக்கும் அளித்தது. வாரியத்தின் துணைக்குழு ஆராய்ந்து, 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன. பழைமையின் பேரில் ஒரு தலைவலி மாத்திரையும் தப்பியது. பழைமை ஒரு மருந்தின் பாதுகாப்புக்குச் சான்றாகுமா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

அதன்பிறகும் தடைகள் தவணை முறையில் வருகின்றன. 2023 ஜூனில் 14 கூட்டு மருந்துகள். நிமசுலைடுடன் பாராசிட்டமாலைச் சேர்த்து நீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை அவற்றில் ஒன்று. 2024 ஆகஸ்டில் 156; அசெக்ளோஃபெனாக் 50 மில்லி கிராம், பாராசிட்டமால் 125 மில்லி கிராம் சேர்ந்த மாத்திரை அதில் இருந்தது. பெரியவர்களுக்கு எழுதப்படும் 100, 325 மில்லி கிராம் மாத்திரை இல்லை. தடைச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டுக் கையில் இருக்கும் அட்டையைப் பார்க்கும் நோயாளிக்கு, தான் சாப்பிடுவது தடை செய்யப்பட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு அறிவிக்கையும் பெயர் சொல்லிச் சேர்க்கைகளைப் பட்டியலிடுகிறது. பட்டியலில் இல்லாதது தானாகவே நல்ல மருந்தாகிவிடுகிறது.

நிமசுலைடின் கதையே தனி. அமெரிக்காவும் பிரிட்டனும் ஒருபோதும் அனுமதிக்காத மருந்து அது. கல்லீரல் பாதிப்பின் காரணமாக ஸ்பெயினும் பின்லாந்தும் 2002-இல் நிறுத்தின. இந்தியாவில் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 2011-இல் தடை வந்தது. கால்நடைகளுக்கு 2024 டிசம்பரில் முழுத் தடை வந்தது. மாட்டுக்குக் கொடுத்தால் அந்த மாட்டின் சடலத்தைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் மடிகின்றன என்பது காரணம். மனிதர்களுக்கான மாத்திரையில் 100 மில்லி கிராமுக்கு மேற்பட்டதைத் தடை செய்ய 2025 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கழுகுகளுக்காக வாதாட இயற்கை ஆர்வலர்கள் இருந்தார்கள். பல் வலிக்காரனுக்கு யார் இருக்கிறார்கள்?

மருந்து நிறுவனங்களின் வாதத்திலும் ஓரளவு நியாயம் உண்டு. காசநோய்க்கும் எய்ட்ஸ் நோய்க்கும் கூட்டு மாத்திரைகள் பெரும் நன்மை செய்திருக்கின்றன. பல மாதங்களோ ஆயுள் முழுவதுமோ தவறாமல் சாப்பிட வேண்டிய மருந்துகளை ஒரே மாத்திரையாக்கினால் நோயாளி விட்டுவிட மாட்டார், கிருமியும் எதிர்ப்புச் சக்தி பெறாது. ஆனால், பல் பிடுங்கிய வலியின் இயல்பு வேறு. முதல் நாள் கடுமையாக இருக்கும். வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொட்டு வடியும். பிறகு பாராசிட்டமால் மட்டுமே போதும். நாளுக்கு நாள் அளவைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டிய இடத்தில், பிரிக்க முடியாதபடி ஒட்டிய மாத்திரை ஒரு தடை. தனித்தனி மாத்திரையாக இருந்தால், வயிறு எரியும்போது ஐபுப்ரோஃபெனை மட்டும் நிறுத்திவிட்டுப் பாராசிட்டமாலைத் தொடரலாம். கூட்டு மாத்திரையில் எல்லாவற்றையும் விட வேண்டும், அல்லது எல்லாவற்றையும் விழுங்க வேண்டும்.

விலையிலும் தனித்தனி மாத்திரைகள் மோசமில்லை. ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 500, டைக்ளோஃபெனாக் 50 ஆகியவை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அரசு நிர்ணயித்த உச்சவிலைக்குக் கட்டுப்பட்டவை. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு அந்த உச்சவிலை கிடையாது. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற கடிவாளம் மட்டுமே. மலிவான மருந்தை யாரும் விளம்பரம் செய்ய மாட்டார்கள், மருத்துவரிடம் அதைப் பற்றிப் பேச விற்பனைப் பிரதிநிதியும் வர மாட்டார்.

ஆகவே, தடைப் பட்டியலை நீட்டிக்கொண்டே போவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. தடை செய்யப்பட்டவை எவை என்று சொல்லும் அரசு, அனுமதிக்கப்பட்ட வலி நிவாரணிக் கூட்டு மருந்துகள் எவை, எந்த ஆதாரத்தின் பேரில் அனுமதி என்பதையும் இந்திய மொழிகள் அனைத்திலும் வெளியிட வேண்டும். மாநிலம் கொடுத்த உரிமம் நாடு முழுவதற்கும் செல்லும் என்றால், தவறான உரிமத்துக்குப் பொறுப்பும் அந்த மாநில அதிகாரியைச் சேர வேண்டும். 50 உற்பத்திக் கூடங்களுக்கு ஒருவர், 200 கடைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் மருந்து ஆய்வாளர்கள் வேண்டும் என்று மஷேல்கர் குழு 2003-இலேயே கூறிவிட்டது. அந்தப் பரிந்துரை எந்த மாநிலத்தில் எந்த அளவு நிறைவேறியிருக்கிறது என்று நாடாளுமன்றத்திலும் சட்டப்பேரவைகளிலும் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் கேட்கலாம். மருத்துவர்கள் மூலப்பெயரில்தான் மருந்து எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த விதி, எதிர்ப்புக்குப் பணிந்து அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. அதை ஒரேயடியாகக் கொண்டுவர முடியாவிட்டால், பல் மருத்துவமனைகளில் எழுதப்படும் வலி நிவாரணிகளிலிருந்தாவது தொடங்கலாம்.

மாத்திரை அட்டையிலிருந்தும் தொடங்கலாம். மருந்தின் மூலப்பெயர் வணிகப் பெயரைவிட இரண்டு அளவு பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2018-இல் விதி திருத்தப்பட்டது. அந்த விதியிலிருந்து ஒரு வகை மருந்துகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் கலந்த மாத்திரைகளே அவை. ஒரு மருந்து இருந்தால் பெரிய எழுத்து, இரண்டு இருந்தாலும் பெரிய எழுத்து, மூன்று இருந்தால் மட்டும் சிறிய எழுத்து போதுமாம். எந்த அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டிய அவசியம் அதிகமோ, அந்த அட்டையில் படிக்க வழியில்லை. இந்த விலக்கை நீக்க உச்ச நீதிமன்றமும் வேண்டாம், நிபுணர் குழுவும் வேண்டாம். சுகாதார அமைச்சகத்தின் ஓர் அரசிதழ் அறிவிக்கை போதும்.